கோவில்பட்டிக்கு எது பக்கம்... சென்னையா, கொழும்பா?

வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். கோவில்பட்டியிலிருந்து கொழும்பு சுமார் 330 கிலோமீட்டர். சென்னையோ 500-ஐத் தாண்டுகிறது. ஆனால் மொபைல் மேப்பில் 'கோவில்பட்டி டு கொழும்பு' என்று தட்டினால் கார் போக வழி காட்டாது. நடுவில் கடல்!

இன்றைக்குப் போக நினைத்தால் மதுரைக்குத்தான் போக வேண்டும். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், ஏர்போர்ட்டில் செக்-இன், இமிக்ரேஷன் என்று மூன்று மணி நேரம். விமானம் பறப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். கட்டுநாயக்காவில் இறங்கி கொழும்பு நகருக்குள் போவதையும் சேர்த்தால் ஏழெட்டு மணி நேரம். ராத்திரி ரயிலில் சென்னை போவதைவிட இது குறைவுதான். டிக்கெட் விலையைத்தான் ஒப்பிடக் கூடாது.

ஒரு காலத்தில் கொழும்புக்குப் போக விமானமே தேவைப்படவில்லை. 1876-ல் மதுரை - தூத்துக்குடி ரயில் பாதை வந்தது. சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் இந்தப் பாதையில்தான் தூத்துக்குடிக்கு வந்து கப்பல் ஏறினார்கள். கோவில்பட்டிக்காரருக்கு அது வாசலில் வந்து நிற்கும் வண்டி. கடலில் சுமார் 280 கிலோமீட்டர், ஓர் இரவுப் பயணம்.

போனவர்கள் எல்லோரும் ஊர் சுற்றப் போகவில்லை. கரிசல் காடு வானத்தைப் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. கங்காணி வந்து கூப்பிட்டால் 'கண்டிச் சீமை'க்குக் கிளம்ப வேண்டியதுதான். தேயிலைத் தோட்டத்துக்குப் போன பலர் திரும்பவே இல்லை. அவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் 1964-ன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, தாங்கள் பார்த்தே இராத 'சொந்த நாட்டுக்கு' அனுப்பி வைக்கப்பட்டார்கள்.

இதே கடல் வழியில்தான் பக்கத்து ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., 1906-ல் தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் கப்பல்களை விட்டார். ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசப் பயணத்தோடு குடையும் தருவதாகச் சொன்னது. (இன்றைய ஆஃபர்களுக்கெல்லாம் தாத்தா!) 1908-ல் அவர் சிறைக்குப் போனார். வெளியே வந்து, பல வருடங்களுக்குப் பின் வக்கீல் சன்னத்தைத் திரும்பப் பெற்றவர், கோவில்பட்டியில்தான் சில காலம் தொழில் நடத்தினார். கப்பல் ஓட்டியவர், கடல் தெரியாத ஊரில்!

1914-ல் பாம்பன் பாலம் திறக்க, போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. கோவில்பட்டிக்காரர் மதுரை வரை வடக்கே போய், வண்டி மாறி, மறுபடி கிழக்கே போக வேண்டியதாயிற்று. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியும் போனது.

2011 ஜூனில் தூத்துக்குடி - கொழும்பு கப்பல் மறுபடி வந்தது. ஸ்கோஷியா பிரின்ஸ், சுமார் 14 மணி நேரப் பயணம். கூட்டம் சேரவில்லை, அதே வருடம் நவம்பரில் நின்றுவிட்டது. தூத்துக்குடியிலிருந்து கன்டெய்னர்கள் மட்டும் இன்றும் கொழும்புக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

2023 அக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் தொடங்கியதே என்று கேட்கலாம். கோவில்பட்டியிலிருந்து நாகைக்கே 300 கிலோமீட்டருக்கு மேல். காங்கேசன்துறையில் இறங்கினால் கொழும்புக்கு இன்னும் 400 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தில் உறவினர் இருப்பவர்களுக்கு அது வரம். கரிசல்காட்டுக்காரர்கள் கடலை மிட்டாய் பொட்டலத்தோடு மதுரைக்கே பஸ் ஏறலாம்.