பலனக் கோட்டையும் ஒரு பெண்ணின் பயணமும்

ஹற்றனிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போகும் எமது பெண்கள், கடுகண்ணாவை தாண்டியதும் யன்னலோரம் வந்துவிடுவார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். அடுத்து வருவது 'பலன' என்ற சிறிய நிலையம். அதற்கு மேலே ஒரு குன்றில் பழைய கோட்டையொன்று இடிந்து கிடப்பது பலருக்குத் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் தோட்டத்து மகளிர் குழுவினருடன் அங்கு சென்றேன். சிங்களத்தில் 'பலன' என்றால் 'பார்க்கின்ற' என்று பொருள். மூச்சு வாங்க உச்சியை அடைந்ததும் பெயரின் காரணம் விளங்கியது. கரையோரத்திலிருந்து கண்டிக்கு ஏறிவரும் வழியை அங்கிருந்தே கண்காணிக்கலாம். கண்டி இராச்சியத்தின் வாசற்படி அது. இன்று எஞ்சியிருப்பவை கல் அடித்தளங்களும் புதர் மூடிய சுவர்த் துண்டுகளும்தான். அரண்மனையை எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். கற்களின்மேல் அமர்ந்து, கொண்டுவந்த ரொட்டியைப் பகிர்ந்துகொண்டே கதையைச் சொன்னேன்.

1580களின் தொடக்கத்தில் சீதாவாக்கை இராசசிங்கன் கண்டியைக் கைப்பற்றினான். கண்டி அரசன் கரலியத்த பண்டார தன் சின்னஞ்சிறு மகளுடன் தப்பியோடி, திருகோணமலையில் அம்மை நோயால் இறந்தான். அநாதையான குசுமாசன தேவியைப் போர்த்துக்கேயர் மன்னாரில் வளர்த்தனர். டோனா கத்தரினா என ஞானஸ்நானமும் கொடுத்தனர்.

1594இல், கண்டியின் அரசி என்று சொல்லி, பெரும்படையோடு அவளை இந்த வழியாகத்தான் மலைக்குக் கொண்டுவந்தார்கள். அவளைப் போர்த்துக்கேயர் ஒருவருக்கு மணமுடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு பரவியதும் மக்கள் கொதித்தெழுந்தனர். ஒக்டோபரில் தந்துரையில் போர்த்துக்கேயப் படை அழிந்தது. வென்ற விமலதர்மசூரியன் சிறைப்பட்ட அவளையே மணந்தான். அரச குலத்து மகளை மணந்ததால் அவனுடைய சிம்மாசனம் உறுதியானது. 1604இல் அவன் இறந்தபின் அடுத்த அரசன் செனரத்தும் அவளையே மணந்தான். 1613இல் அவள் காலமானாள்.

இதற்கிடையில் இந்தக் கோட்டை பல தடவை கைமாறியது. 1603இல் போர்த்துக்கேயர் இதைப் பிடித்தனர். அவர்களுடைய உள்ளூர்ப் படையினர் விலகியதால் பின்வாங்கினர். 1611இல் மீண்டும் வந்து கண்டியை எரித்தனர். 1638இல் கன்னொறுவையில் அவர்களை முறியடித்த இரண்டாம் இராசசிங்கன் குசுமாசன தேவியின் மகனே.

கதை முடிந்ததும் ஒரு அக்கா கேட்டார்: "ஏன் மிஸ், அந்தப் புள்ளகிட்ட யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாங்களா?"

நான் படித்தவற்றில் அதற்குப் பதில் இல்லை. யார் வென்றான், யார் தோற்றான் என்பதே பக்கம் பக்கமாக இருக்கின்றது.

அந்த அக்காவின் கேள்விக்குக் காரணம் உண்டு. 1977 வன்செயலில் லயன் காம்பரா எரிந்து, அவருடைய குடும்பம் வவுனியாவுக்குப் போனது. பின்னர் யுத்தம் அங்கும் துரத்தியது. கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு மலைக்கே திரும்பினார். "எங்க போகணும்னு எங்களயும் யாரும் கேக்கல" என்றார்.

மன்னாரிலிருந்து மலைக்கு வந்தவள் அந்த இளவரசி மட்டுமல்ல. 19ஆம் நூற்றாண்டில் எமது மூதாதையரும் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து தோட்டங்களுக்கு வந்தார்கள். வழியில் நோயிலும் பசியிலும் இறந்த பெண்களின் பெயர்கள் எங்கும் இல்லை. யுத்த காலத்தில் அதே மன்னார்க் கரையிலிருந்து எத்தனையோ தாய்மார் பிள்ளைகளுடன் படகேறினார்கள்.

சகோதரிகளே, கோட்டைக் கற்களைப் பாதுகாக்கத் தொல்பொருள் திணைக்களம் இருக்கின்றது. எமது பயணங்களை நாமே பாதுகாக்க வேண்டும். எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து எங்கே போனோம், எதைக் கைவிட்டோம், யார் சோறு தந்தார்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள்.

இறங்கி வரும்போது அந்த அக்கா வழியிலிருந்த கடையில் ஒரு கொப்பி வாங்கினார்.