பன்னிரண்டு நாற்காலிகள்

பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்காகப் பீடத்தின் முன் பன்னிரண்டு நாற்காலிகள் வரிசையாக இடப்படுகின்றன. பாதம் கழுவப்பெறுவோர் தூய வெள்ளுடையில் வந்து அமர்கின்றனர். வீட்டிலேயே சோப்பிட்டு, ஒரு முறைக்கு இரு முறை தேய்த்துக் கழுவிய பாதங்கள் அவை. குருவானவரின் கையில் அழுக்குப் படலாமா என்ற மரியாதை. அதனால் பித்தளைப் பாத்திரத்தில் விழும் நீர் தெளிவாகவே இருக்கிறது. இதை நாம் பல ஆண்டுகள் கவனித்ததேயில்லை.

ஆண்டவர் கழுவியவை அத்தகைய பாதங்கள் அல்ல. புழுதி வழியில் மிதியடியோடு நடந்த கால்கள் அவை. அவற்றைக் கழுவுவது அடிமையின் வேலை. நற்செய்தியாளர் நால்வருள் யோவான் ஒருவரே, தம் 13-ஆம் அதிகாரத்தில், இந்நிகழ்ச்சியை எழுதி வைத்தார். இறுதி இரவுணவில் மற்ற மூவரும் அப்பத்தையும் கிண்ணத்தையும் பற்றிக் கூறும் இடத்தில், அவர் துண்டையும் தண்ணீரையும் வைக்கிறார். காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசும் அவ்வேளை பந்தியை விட்டு எழுந்து போயிருக்கவில்லை.

1955-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் புனித வார வழிபாட்டைச் சீரமைத்தபோதுதான் இச்சடங்கு மாலைத் திருப்பலிக்குள் இடம்பெற்றது. அப்போது ஆண்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. திருத்தந்தை பிரான்சிசின் விருப்பப்படி, 2016 ஜனவரி 6-ஆம் நாளிட்ட ஆணை அவ்வரையறையை நீக்கிற்று. ஆணும் பெண்ணும், இளையோரும் முதியோரும், நலமுற்றோரும் நோயுற்றோரும் என இறைமக்கள் அனைவரின் சாயலும் அக்குழுவில் தெரியவேண்டும் என்பது நோக்கம். பன்னிரண்டு என்ற எண்கூட இன்றைய திருப்பலி நூலில் கட்டாயமில்லை. நாற்காலிகளை எண்ணுவோர் நாம்தாம்.

அவ்வாணைக்குப் பின் ஓராண்டு, பட்டியல் எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. பங்குப்பேரவைப் பொறுப்பாளர்கள், அன்பியத் தலைவர்கள், கோபுர நிதிக்குத் தாராளமாகக் கொடுத்தவர் எனப் பதினொரு பெயர்கள் எளிதில் நிரம்பின. பன்னிரண்டாவதாகக் கோவிலைப் பெருக்கும் மூதாட்டியின் பெயரை எழுதி, நேரில் சென்று கேட்டோம். அவர் வெடித்த குதிகால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு, “சாமி என் காலைத் தொடுறதா? வேண்டாங்கய்யா” என்றார்.

நாம் இரண்டாம் முறை கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், மனத்தில் ஒரு நிம்மதி. அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது ஊரறிந்தது. முன்வரிசையில் சில முகங்கள் சுளிப்பதை இனிக் காணவேண்டியதில்லை. ஒரு மணி நேரத்திற்குள் வேறொரு பெயர் எழுதப்பட்டது.

அன்று மாலை நற்செய்தி வாசிக்கப்பட்டபோது பேதுருவின் மறுப்பு காதில் விழுந்தது. ஆண்டுதோறும் கேட்பதுதான். அவரும் வேண்டாமென்றார், அதுவும் மரியாதையால்தான். ஆனால் ஆண்டவர் அதை ஏற்று அடுத்தவரிடம் நகர்ந்துவிடவில்லை. நின்று, பேசி, அவர் இசையும்வரை விடவில்லை. நாம் நகர்ந்துவிட்டோம்.

திருப்பலி முடிந்து, நற்கருணை இடம் மாற்றப்பட்டு, பீடத்துணிகளும் அகற்றப்பட்டன. மக்கள் ஆராதனைக்குச் சென்றனர். அம்மூதாட்டி நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரில் சாய்த்தார். பாத்திரத்து நீரைச் சுமந்து சென்று வேப்பமரத்தடியில் ஊற்றினார். திரும்பி வந்து, நம் கையிலிருந்த துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். விடிவதற்குள் துவைத்துவிட வேண்டுமாம்.