மீதி எடை

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் காலைப் பேருந்து. ஜன்னலோரம் ஒரு கல்லூரி மாணவி. மடியில் நோட்டு. கொண்டை ஊசி வளைவு 20. ஒவ்வொன்றிலும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.

முதல் கணக்கு: 102 கிலோ அலுமினா. கிடைக்கும் அலுமினியம் 54 கிலோ. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூர் ஆலைக்குப் போனது. கணக்கில் ஊர்ப்பெயர் இல்லை.

மரங்கள் விலகுகின்றன. கீழே சமவெளியில் வெள்ளைத் திட்டுகள். வெளியூர்க்காரர் ஒருவர் செல்போனை வெளியே நீட்டுகிறார். மாணவி நிமிரவில்லை. அவை வெள்ளைக்கல் குழிகள். மேக்னசைட். இரண்டாவது கணக்கே அதுதான்.

கல்லூரி ஆய்வுக்கூடம். மேஜைமேல் அரைத்த வெள்ளைக்கல் பொடி. விடை முன்பே தயார். 84.3 கிராம் மக்னீசியம் கார்பனேட்டைச் சுட்டால் 40.3 கிராம் ஆக்சைடு மிஞ்சும். 44 கிராம் கரியமில வாயு போய்விடும். 1 கிராமுக்கு மீதி 0.4780.

மின்விசிறியை நிறுத்தியாயிற்று. கரண்டி நுனியைத் தட்டுகிறாள், எடை ஏறுகிறது. துளி எடுக்கிறாள், இறங்குகிறது. தோழி மூச்சை அடக்கி நிற்கிறாள். 1.0000.

மஃபிள் அடுப்பு. 1000 டிகிரி. கதவிடுக்கில் செம்மஞ்சள் கோடு. உதவியாளர் டீ குடித்துவிட்டு வருகிறார். கதவு இன்னும் மூடியே இருக்கிறது.

இடுக்கி. குருசிபிள். டெசிகேட்டர். மூடி வழுக்கிக்கொண்டு பொருந்துகிறது. சூடு ஆறக் காத்திருக்கிறார்கள். தராசு 0.4950 காட்டுகிறது. திரும்ப அடுப்பு, திரும்ப ஆறவைத்தல். 0.4913. இன்னொரு முறை. 0.4912. இனி இறங்காது.

"மேம், அதிகமா வந்திருக்கு."

"கல்லுன்னா கொஞ்சம் குப்பை இருக்கும்மா."

ஆசிரியையின் சிவப்புப் பேனா நோட்டில் இறங்குகிறது. கூடுதல் 0.0132. கலப்பு முழுவதும் சிலிக்கா என்று வைத்துக்கொண்டால், அது அடுப்பில் எடை குறையாது. 0.0132ஐ 0.5220ஆல் வகுக்கிறார். நூற்றுக்கு இரண்டரைப் பங்கு. எஃகு உலையின் உட்சுவருக்குச் செங்கல் செய்பவர்களுக்கு இந்த இரண்டரை முக்கியம். சிலிக்கா ஏறினால் செங்கல்லின் வெப்பம் தாங்கும் திறன் குறையும்.

தோழி முதலில் 0.4780 என்று எழுதியிருந்தாள். யாரும் பார்க்காத நேரத்தில் அழித்துத் திருத்துகிறாள். ரப்பர் துகளை ஊதிவிடுகிறாள்.

குருசிபிளில் மிஞ்சியது சிட்டிகை வெள்ளைத் தூள். உதவியாளர் அதைக் கழுவும் தொட்டியில் கொட்டுகிறார். அடுத்த குழு வரிசையில் நிற்கிறது. மறுபடி மின்விசிறி நிற்கிறது.

நோட்டின் கடைசிக் கேள்வி சூளையைப் பற்றியது. மாணவி எழுதுகிறாள்: ஒரு டன் சுத்தமான கல்லில் 478 கிலோ சூளையில் தங்கும். 522 கிலோ புகைபோக்கி வழியே போகும். எரிபொருளின் புகை தனிக் கணக்கு.