ஒரு பொத்தானின் விலை

நட்டு, போல்ட்டு முடுக்கும் பழைய ராட்செட் கைப்பிடிகளைச் சேகரிப்பவர்கள் பளபளப்பில் மயங்குவதில்லை. முதலில் தேடுவது உலோகத்தில் பொறித்த குறியைத்தான். 1920-இல் ஐந்து கைப்பிடி, அவற்றில் மாட்டும் பத்து சாக்கெட்டோடு கடை விரித்த ஸ்னாப்-ஆன் நிறுவனம், தயாரித்த ஆண்டை அப்படித்தான் குறித்தது.

பூச்சும் காலத்தைச் சொல்லும். குரோம் பூச்சில்லாத சாக்கெட்டா? இரண்டாம் உலகப்போர்க் காலச் சரக்காக இருக்கலாம்.

சியர்ஸ் நிறுவனம் விற்ற கிராஃப்ட்ஸ்மேன் ராட்செட்டின் முதுகிலுள்ள பொத்தானுக்குத் தனிக் கதை. அழுத்தினால் சாக்கெட் கழன்றுவிடும்; எண்ணெய்க் கையோடு இழுத்து மல்லுக்கட்ட வேண்டாம். கண்டுபிடித்த பீட்டர் ராபர்ட்ஸ், சியர்ஸ் கடையில் விற்பனையாளராக இருந்த இளைஞர். 1965-இல் காப்புரிமை கிடைத்தது. அதை அந்த நிறுவனத்துக்கே வெறும் 10,000 டாலருக்கு எழுதிக் கொடுத்தார். பாவம்! ராட்செட் அமோகமாக விற்றது தெரிந்ததும் நீதிமன்றம் போனார். 1989-இல்தான் சமரசம்: 82 லட்சம் டாலர்.