சுரமும் சுரங்கமும்

பண்டைத் தமிழர் பிரிவுக்கென்றே ஒரு நிலத்தை வகுத்து வைத்தனர். பாலை என்பது அதன் பெயர். பொருள் தேடிச் செல்லும் தலைவன் கடந்து போகும் வெம்மை மிக்க வழியைச் சுரம் என்றனர். மும்பையில் இரண்டு மூன்று தலைமுறைகளாகக் குடியிருக்கும் நம் போன்றோர்க்குச் சுரம் ஏது என்று கேட்கத் தோன்றும். நாமும் பொருள்வயிற் பிரிந்து வந்தவர்களே. நமக்கும் ஒரு சுரம் உண்டு. கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் இடையே, ஏறத்தாழ 28 கிலோமீட்டர் நீளத்துக்கு, மலையைக் குடைந்து கிடக்கிறது அது. நம் முன்னோர் வெயிலில் சுரம் கடந்தனர்; நாம் இருளில் சுரங்கம் கடக்கிறோம்.

போர் காட் என்பது அம்மலைவழியின் பெயர். போர் என்பது அங்கே வெறும் பெயரே ஆயினும், நம் செவியில் அது வேறு பொருள் தரும். அவ்வழி அமைந்த கதையைக் கேட்டால் அந்தப் பொருளும் பொருத்தமாகவே படும். 1856இல் தொடங்கிய வேலை 1863இல் முடிந்தது. 1861இல் மட்டும் நாற்பதாயிரம் பேருக்கு மேல் அங்கே உழைத்தனர். காலராவும் காய்ச்சலும் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு சென்றன. ஒப்பந்தக்காரராக வந்த சாலமன் டிரெட்வெல் என்ற ஆங்கிலேயர் 1859இல் வந்த சில நாள்களிலேயே நோயுற்று இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் அப்பணியைத் தாமே ஏற்று நடத்தச் செய்தார். கூலியாட்களின் பெயர்களை எழுதி வைத்தவர் எவரும் இல்லை. முப்பத்தேழு அடி நடந்தால் ஓர் அடி உயரும் ஏற்றம். முதலில் குடைந்த சுரங்கங்கள் 25. பின்னர்ப் பாதைகள் பெருகி, இன்று எல்லாப் பாதைகளிலுமாகச் சேர்த்து 52 சுரங்கங்கள் உள்ளன. 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையும் சென்னைப் பாதையும் கைகோத்தன. அன்று முதல் நம்மவர் இங்கு வந்ததும் இங்கிருந்து ஊருக்குப் போனதும் பெரும்பாலும் இம்மலையின் வயிற்றுக்குள் புகுந்தே.

நம் வீட்டுக் குழந்தைகள் எண் கற்றதும் இங்கேதான் என்றால் மிகையாகாது. கர்ஜத்தில் பின்னிருந்து தள்ளும் துணை எஞ்சின்களை மாட்டுவதற்காக வண்டி நிற்கும். அதற்குள் ஒரு வடைபாவ் கைக்கு வந்துவிட வேண்டும். பிறகு குகைகளை எண்ணும் படலம் தொடங்கும். ஒவ்வொரு குகைக்கும் ஒரு கூச்சல். போகும்போது எண்ணிய தொகையும் வரும்போது எண்ணிய தொகையும் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. மேலேறும் பாதையும் கீழிறங்கும் பாதையும் வெவ்வேறு சுரங்கங்களின் வழியே செல்வதை எந்தக் குழந்தைக்கு யார் விளக்குவது? எங்கள் பாட்டியார் மட்டும் எண்ணமாட்டார். குகை தொடங்கியதும் கண்களை மூடிக்கொள்வார். வெளிச்சம் வந்ததும் திறப்பார். மலை நம்மை விழுங்கி உமிழ்கிறது என்பார்.

அந்த மலை எப்படிப்பட்டது என்பதை அறிந்தால், அங்கே ஆண்டுதோறும் ஏன் பழுது பார்க்கிறார்கள் என்பது விளங்கும். எரிமலைக் குழம்பு ஒன்றன்மேல் ஒன்றாக வழிந்து இறுகிய கரும்பாறை அடுக்குகள் அவை. அடுக்குக்கு அடுக்கு இடையில் சிவந்த மண் போன்ற மெலிந்த படிவம் ஆங்காங்கே உண்டு. பாறையில் இயல்பாகவே வெடிப்புகள் மிகுதி. ஆனித் திங்களில் தொடங்கும் மழை அந்த வெடிப்புகளில் இறங்குகிறது. மெலிந்த படிவத்தைக் கரைக்கிறது. சுரங்கத்தின் கூரையிலும் சுவரிலும் கசிகிறது. செங்கல்லாலோ கல்லாலோ காரையாலோ இட்ட உட்சுவர், பின்னால் தேங்கும் நீரின் அழுத்தத்தால் புடைத்துப் பிளக்கிறது. வெளியே சுரங்க வாயிலுக்கு மேல் நிற்கும் பாறை, வேரும் நீரும் சேர்ந்து நெம்ப, ஒருநாள் இரவில் தண்டவாளத்தின் மேல் இறங்கிவிடுகிறது. ஒரு மழைக்காலத்தில் செய்த வேலையை அடுத்த மழைக்காலம் சோதித்துப் பார்க்கும். 1863இல் கட்டி முடித்தார்கள் என்று வரலாறு சொல்வது பாதி உண்மையே. அந்தச் சுரங்கங்களை இன்றும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மழைக்கு முன் அவ்வழியே பகலில் சென்ற அன்பர்கள் பார்த்திருப்பார்கள். இடுப்பில் கயிறு கட்டி, செங்குத்தான பாறையில் தொங்கியபடி, கடப்பாரையால் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்க்கும் ஆட்களை. கல் உறுதியாக இருந்தால் ஓர் ஓசை; பெயர்ந்திருந்தால் வேறோர் ஓசை. பெயர்ந்ததைத் தாங்களே நெம்பித் தள்ளிவிடுவார்கள், அது வண்டியின்மேல் தானாக விழுவதற்கு முன்னால். சுரங்கத்துக்குள் பாறையில் துளையிட்டு இரும்புக் கம்பிகளைச் செருகி இறுக்குவார்கள். சிமெண்டுக் குழம்பை விசையோடு பீச்சிச் சுவரில் பூசுவார்கள். நீர் வெளியேறக் குழாய் வைப்பார்கள். தலைக்கு மேல் மின்கம்பி. பக்கவாட்டில் ஒதுங்க ஒரு முழம் இடம். வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் இவற்றைச் செய்ய இயலாது. மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பாதையை மூட வேண்டும். இதற்குத்தான் ‘பிளாக்’ என்று பெயர். ஞாயிறுதோறும் ‘மெகா பிளாக்’ கேட்டுப் பழகிய நம் ஊரில், ஆங்கிலம் அறியாத மூதாட்டியரும் அறிந்த ஆங்கிலச் சொல் அது.

2019ஆம் ஆண்டு மழை இந்த மலையை மிகவும் வருத்தியது. ஆகஸ்டு முற்பகுதியில் பாறைகளும் மண்ணும் சரிந்து, நெடுந்தொலைவு வண்டிகள் பல நாள் நின்றன. சில புனேயிலிருந்தே புறப்பட்டு அங்கேயே திரும்பின. அதன்பின் மங்கி ஹில் பகுதியில் தொடர்ந்த சீரமைப்பு 2020 சனவரி வரை நீண்டது. மும்பைக்கும் புனேக்கும் நாள்தோறும் ஓடும் பிரகதி விரைவு வண்டி போன்றவை மாதக்கணக்கில் இல்லாமற் போயின.

அந்த ஆடி மாதத்தில், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்த அண்ணாச்சி ஒருவரின் தாயார், தென்காசிப் பக்கத்துச் சிற்றூரில் காலமானார். அண்ணாச்சிக்கு இட்லி வியாபாரம். திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. அவர் கடைக்குட்டி. தந்தைக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் கொள்ளி வைப்பது அவர்கள் வழக்கம். ஆகையால் ஊரில் குளிர்ப்பெட்டி வரவழைத்து, புதன்கிழமை பொழுது சாயும்வரை காத்திருப்பதாகச் சொன்னார்கள். விமானத்தில் போகலாமே என்று நாங்கள் நால்வரும் பணம் திரட்டி நீட்டினோம். “கடன் பட்டு அம்மாவை அனுப்பி வைக்கக் கூடாது சார்” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அந்த மனத்தை வற்புறுத்த எங்களுக்கு வாய் வரவில்லை.

அவர் ஒரு நிலையத்துக்குச் சென்றார். வண்டி தாமதம் என்றார்கள். பிறகு இன்னும் தாமதம் என்றார்கள். ஐந்து மணி நேரம் நடைமேடையில் நின்ற பிறகுதான், அந்த வண்டி மலையைத் தாண்டி வரவே போவதில்லை, புனேயிலிருந்து புறப்படும் என்று தெரிந்தது. அதையும் சொன்னவர் உடன் நின்ற ஒரு பயணியே. பிறகு பேருந்து பிடித்துப் புனேக்குப் போனார். விடியலில் அங்கிருந்து கிளம்பிய வண்டி அதற்குள் போய்விட்டது. அடுத்ததில், முன்பதிவில்லாப் பெட்டியில், சோலாப்பூர் தாண்டும்வரை நின்றுகொண்டே சென்றார். ஊர் சேர்ந்தபோது புதன் இரவு பத்து மணி. அண்ணன் கொள்ளி வைத்து முடித்திருந்தார்.

பதினாறாம் நாள் கழிந்து திரும்பி வந்தவரிடம் துக்கம் கேட்கப் போனோம். மலையின் மீதோ, வண்டியை நிறுத்தியவர்கள்மீதோ அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. “கல்லு விழுற இடத்துல வண்டிய எப்படி சார் விடுவான்? நிறுத்தினது சரிதான். அந்த அஞ்சு மணி நேரந்தான் சார்” என்றார். அதற்குமேல் பேச்சு எழவில்லை.

அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றியே நாம் இங்கு எழுத விரும்புகிறோம். வண்டி நின்றால் நம்மவர் முதலில் வைவது பழுது பார்ப்பவர்களை. அது நியாயமன்று. கயிற்றில் தொங்கும் ஆளின் கடப்பாரை ஓசையில்தான் நம் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது. முன்கூட்டி அறிவித்து நான்கு மணி நேரம் மூடுவதைப் பொறுக்க மறுத்தால், அறிவிப்பே இன்றி நாற்பது நாள் மூட வேண்டிவரும். ஆனால் மூடப்பட்ட செய்தி, அது எவருக்குத் தேவையோ அவர் காதுக்கு அவர் மொழியில், அந்தக் கணமே சேர வேண்டும் என்று கேட்பது முற்றிலும் நியாயம். பாறையை முன்னறிய இயலாது. பாறை விழுந்த பின்னர், வண்டி வராது என்பதை ஒரு நொடியில் சொல்ல இயலும்.

கொங்கண் வழி இருக்கிறதே என்பர் சிலர். 1998இல் முழுமையாகத் திறக்கப்பட்ட அந்தப் பாதையிலும் சுரங்கங்கள் தொண்ணூறுக்கு மேல். அவற்றில் நீளமான கர்புடே ஆறரைக் கிலோமீட்டர். ஆனால் மிகுந்த தொல்லை தந்தது நீளமானதன்று. கோவாவின் வடகோடியில், ஒன்றரைக் கிலோமீட்டர் அளவே உள்ள பெர்னெம் சுரங்கம். மற்றவற்றுள் பெரும்பாலானவை பாறையைக் குடைந்தவை. இதுவோ இளகிய மண்ணைக் குடைந்தது. பாறை வெடிக்கும், மண்ணோ வழியும். கட்டும்போதே பலமுறை சரிந்து உயிர் குடித்த இடம் அது. 2020 ஆகஸ்டு 6 விடியற்காலையில் அதன் உட்சுவர் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. வண்டிகள் புனே, மிரஜ், லோண்டா வழியாகச் சுற்றி விடப்பட்டன. அதாவது, கொங்கண் சுரங்கம் மூடினால் நம் பழைய போர் காட்டே கதி. 2024 சூலை 9இல் அதே பெர்னெமில் நீரும் சேறும் பீறிட்டன. அன்றிரவு சரிசெய்து வண்டி விட்டார்கள். மறுநாள் விடிவதற்குள் மீண்டும் பீறிட்டது.

போர் காட் மூடினால் கசாரா மலை வழியே மன்மாட் சென்று, தௌண்டுக்கு இறங்கிச் சுற்றி வரலாம். ஆனால் 2021 சூலை 22ஆம் நாளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கசாரா அருகே தண்டவாளத்தின் கீழிருந்த மண்ணை வெள்ளம் அரித்துச் சென்றது. கர்ஜத்–லோனாவாலா மலையில் சரிவு. சிப்ளூணில் வாசிஷ்டி ஆறு பாலத்தைத் தொட்டு ஓடியது. மூன்று மலைவழிகளும் ஒரே நாளில் அடைந்தன. ஏழு தீவுகளை ஒட்டிப் பெருநகராக்கிய ஊர், நம்மைப் பொறுத்தவரை, அன்று ஒரு நாள் மீண்டும் தீவாயிற்று.

அந்த நாளுக்கு முன்பே, எங்கள் குடியிருப்பு இளைஞர்கள் ஒரு காரியம் செய்திருந்தனர். அண்ணாச்சியின் துயரம் அதற்குக் காரணம் என்று அவர்கள் வெளிப்படச் சொன்னதில்லை. மழை தொடங்கியதும், மலைப்பாதை நிலவரத்தைப் புனேயில் உள்ள நம் உறவினர்களிடம் காலையும் மாலையும் கேட்டு, அந்த வாரம் பயணம் வைத்திருக்கும் வீடுகளுக்குத் தொலைபேசியில் தமிழில் சொல்லிவிடுவார்கள். கைப்பேசிச் செய்தியைப் படிக்கத் தெரியாத பெரியோர் இருக்கும் வீடு என்றால் நேரில் சென்று சொல்வார்கள். 2021இல் அந்த வேளையில் பதினொரு குடும்பங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பாமலே செய்தி அறிந்தன. இதனை வேறு வட்டாரத்து அன்பர்களும் செய்யலாம், செலவு ஒன்றுமில்லை.

அண்ணாச்சி இப்போது ஆடியில் பயணம் வைப்பதில்லை. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட ஆடிக் கொடையைப் பூசாரியிடம் கேட்டுச் சித்திரைக்கு மாற்றிக்கொண்டார். சென்ற சித்திரையில் வழியனுப்ப நிலையத்துக்குப் போயிருந்தோம். அவர் பேரன் கையில் ஒரு சிறிய நோட்டும் பென்சிலும் இருந்தன. போகும்போது எத்தனை குகை, வரும்போது எத்தனை குகை என்று எழுதிக்கொண்டு வரப்போகிறானாம்.