கோடு தேடும் கை

நுழையும்முன்

தேர்ந்த கலைஞரின் இசையை ஊர் கேட்கிறது. தொடக்கநிலையில் இருப்பவரின் தடுமாற்றத்தை அவர் மட்டுமே கேட்கிறார். கைகள், பாதங்கள், முழங்கால்கள் என உடல் முழுவதையும் வேலைவாங்கும் ஓர் இசைக்கருவியின் வழியே, அத்தடுமாற்றத்தின் பொருளை எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

ஹவாய் முதல் நாஷ்வில் வரை

பசிபிக் பெருங்கடலின் நடுவே அமைந்த ஹவாய்த் தீவுகளுக்குக் கிட்டார் 19ஆம் நூற்றாண்டில் வந்துசேர்ந்தது. அங்கு 1874இல் பிறந்த ஜோசப் கெகுகு, கிட்டாரை மடியில் கிடத்தி, விரல்களால் கம்பியை அழுத்தாமல், எஃகுத் துண்டொன்றை அதன்மேல் நழுவவிட்டு வாசிக்கும் முறையைப் பரப்பினார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பொருட்காட்சிக்குப் பின்னர் ஹவாய் இசை அமெரிக்க மக்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. 1930களில் இக்கருவி மின்னாற்றலும் பெற்றது.

எனினும் ஒரு குறை நீடித்தது. எஃகுத் துண்டு நேரானது. அதை நகர்த்தினால் எல்லாக் கம்பிகளின் சுரமும் ஒரே அளவில் உயரும் அல்லது தாழும். கம்பிகளுக்கிடையே உள்ள சுர இடைவெளி மாறுவதில்லை. இக்குறையைத் தீர்க்கவே மிதிகள் பொருத்தப்பட்டன. காலால் மிதியை அழுத்தினால், கருவியின் அடியிலுள்ள தண்டுகள் குறிப்பிட்ட சில கம்பிகளை மட்டும் இழுத்து அவற்றின் சுரத்தை உயர்த்தும். 1954இல் வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' என்னும் பாடல் புகழ்பெற்றபோது, அதில் பட் ஐசக்ஸ் கம்பிகள் ஒலித்துக்கொண்டிருக்கையிலேயே மிதியை அழுத்திய புதுமை பிற கலைஞர்களை வியக்கவைத்தது. அவர் ஒரே மிதியால் செய்ததை, பட்டி எம்மன்ஸ் இரண்டு மிதிகளாகப் பிரித்தமைத்தார். நாஷ்வில் நகரின் நாட்டுப்புற இசைக்கு இன்றியமையாததாக வளர்ந்த அக்கருவியே பெடல் ஸ்டீல் கிட்டார்.

அசையும் சுரமும் அசையாச் சுரமும்

இம்மிதிகளின் செயலைத் தமிழிசையின் சொற்களாலேயே விளக்கலாம். பத்துக் கம்பிகள் கொண்ட இக்கருவியில், குரல், கைக்கிளை, இளி (ச, க, ப) ஆகிய மூன்றும் சேர்ந்தொலிக்கும் மூன்று கம்பிகளைக் கற்பவர் மீட்டுகிறார் எனக் கொள்வோம். முதல் மிதி இளியை ஒரு முழுச்சுர அளவு உயர்த்தி விளரி ஆக்கும். இரண்டாம் மிதி கைக்கிளையை அரைச்சுர அளவு உயர்த்தி உழை ஆக்கும். குரல் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். ச, க, ப என்னும் கூட்டு ச, ம, த என்னும் கூட்டாகக் கண்முன்னே உருமாறுகிறது. இடக்கை ஓர் இம்மியும் நகரவில்லை. இரண்டு சுரங்கள் எழ, ஒன்று அசையாது நிற்கும் அந்தக் கணத்தில் பிறக்கும் ஏக்கமே இக்கருவியின் தனிக்குரல். அதைக் கேட்டவர்களுள் சிலருக்கு அதைத் தாமே எழுப்பவேண்டும் என்னும் வேட்கை பிறக்கிறது.

உடல் முழுதும் மாணவன்

வேட்கையோடு கருவியின்முன் அமர்பவரை முதலில் எதிர்கொள்வது குழப்பம். இடக்கை எஃகு உருளையைப் பிடிக்கவேண்டும். வலக்கையின் கட்டைவிரலும் வேறு இரு விரல்களும் செயற்கை நகங்களை அணிந்து மீட்டவேண்டும். இடப்பாதம் மிதிகளை அழுத்த, வலப்பாதம் ஒலியளவைக் கூட்டியும் குறைத்தும் ஆளவேண்டும். முழங்கால்களோ இருபுறமும் தொங்கும் நெம்புகோல்களைத் தள்ளவேண்டும். ஒன்றில் கவனம் வைத்தால் மற்றொன்று பிசகும்.

அடுத்து வருவது இன்னும் வியப்பான பாடம். மீட்டிய கம்பி நெடுநேரம் ஒலிக்கும் இயல்புடையது. அடுத்த சுரம் எழுமுன் முந்தைய சுரத்தை உள்ளங்கையின் ஓரத்தால் தொட்டு அடக்காவிட்டால் எல்லாம் கலந்து இரைச்சலாகிவிடும். ஆகவே, ஒலியை எழுப்பக் கற்பதோடு ஒலியை நிறுத்தவும் கற்கவேண்டியுள்ளது. பேச்சுக்கு இடைநிறுத்தம் எப்படியோ, இக்கருவிக்கு இந்த அடக்கம் அப்படி.

மெட்டு இல்லாத வழி

வீணையில் மெட்டுகள் உண்டு. விரலைச் சற்று முன்னே பின்னே வைத்தாலும் மெட்டு சுரத்தைக் காத்துக்கொடுக்கும். பெடல் ஸ்டீலில் இருப்பவை வரைந்த கோடுகள் மட்டுமே; கம்பி அவற்றைத் தொடுவதில்லை. உருளை கோட்டுக்கு நேர்மேலே நிற்கவேண்டும். மயிரிழை விலகினாலும் சுருதி பிசகும். சாய்ந்து பார்க்கும் கண்ணுக்குக் கோடு இடம்மாறித் தோன்றும் என்பதால் கண்ணையும் முழுமையாக நம்ப இயலாது. இறுதியில் காதே வழிகாட்டி.

தமிழகத்திற்கு இத்தகைய கலை புதிதன்று. மெட்டில்லாத தண்டியின்மேல் உருளையை நழுவவிட்டு வாசிக்கும் கோட்டுவாத்தியத்தில் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் போன்றோர் பெரும்புகழ் பெற்றனர். இரு கருவிகளும் வெவ்வேறு மண்ணில் வளர்ந்தவை. ஆயினும் வாசிப்பவரிடம் கேட்கும் காணிக்கை ஒன்றே: ஓயாமல் விழித்திருக்கும் காது.

காது முந்தும், கை பிந்தும்

இங்கேதான் தொடக்கநிலையினரின் உண்மையான சோதனை நிகழ்கிறது. முதல் வாரத்தில் தம் வாசிப்பு அவருக்கு ஓரளவு இனிமையாகவே தோன்றும். சில மாதங்கள் கழித்து, அதே வாசிப்பு தாங்கமுடியாததாகக் கேட்கும். கை சீர்கெட்டுவிட்டதோ என்று அவர் அஞ்சுவார். உண்மை அதற்கு நேர்மாறானது. கை மெல்ல வளர்ந்துகொண்டிருக்க, காது அதனைவிட விரைவாக வளர்ந்துவிட்டது. முன்பு கேளாத பிசகுகளை இப்போது கேட்கும் ஆற்றல் வந்துவிட்டது. வளர்ச்சியே வீழ்ச்சியைப்போல் வேடமிட்டு வரும் காலம் இது. இதை அறியாதவர் தமக்கு இசை வராது என்று முடிவுகட்டிக் கருவியை மூடிவிடக்கூடும். அறிந்தவரோ வேகத்தைக் குறைத்து, இரண்டே கம்பிகளை எடுத்துக்கொண்டு, மீண்டும் தொடங்குவார்.

இந்த உண்மை இசைக்கு மட்டும் உரியதன்று. தம் கட்டுரையைத் தாமே படித்து முதன்முறையாக அதில் நிறைவின்மையை உணரும் மாணவரும், தாம் வரைந்த கோடு வளைந்திருப்பதைக் கண்டுகொள்ளும் ஓவிய மாணவரும் இதே படியில் நிற்பவர்களே. குறை தெரியத் தொடங்குவது தகுதியின்மைக்குச் சான்றன்று. திறன் வந்துகொண்டிருப்பதன் முதல் அறிகுறி.

உருளை வைத்த கம்பியின் சுரமும் அது சேரவேண்டிய சுரமும் சுருதியில் சிறிதே வேறுபட்டுச் சேர்ந்தொலித்தால், அவற்றின் ஒலியில் ஓர் அதிர்வு அலைபோல் எழுந்து எழுந்து அடங்கும். உருளை சரியான இடத்தை நெருங்க நெருங்க அவ்வலை மெதுவாகும். சுருதி சேரும்போது முற்றிலும் அடங்கிவிடும். கற்பவர் நாள்தோறும் செய்வது இவ்வளவே: அலை எழுவதைக் கேட்கிறார், உருளையை மயிரிழை நகர்த்துகிறார், மீண்டும் கேட்கிறார். ஒருநாள் மிதியை அழுத்தும்போது இரண்டு சுரங்கள் எழுகின்றன, ஒன்று நிற்கிறது, அலை ஏதும் இல்லை. அந்த அமைதியை முதலில் கேட்பதும் அவருடைய காதுதான்.