கைத்தடைக் கம்பி

சங்கப் புலவர் பாடிய வல்வில் ஓரியின் கொல்லிமலையைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்று வருணித்த நான், அதன்மீது காரோட்டிச் சென்றது பணி ஓய்வு பெற்ற பின்னரே. காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சென்ற கோடை விடுமுறையில் என் மனைவியையும் பத்து வயதுப் பேரனையும் ஏற்றிக்கொண்டு, எங்கள் பழைய சிறு காரில் அவ்வளைவுகளைக் கடந்து அறப்பளீசுவரர் கோயிலுக்குப் புறப்பட்டேன்.

மலைமேல் ஒரு சரிவில், பலாப்பழமும் மிளகும் விற்கும் கடை கண்ணிற்பட்டது. காரை ஓரமாக நிறுத்திக் கைத்தடையை இழுத்தேன். கியரையும் போட்டுவிட்டு இறங்குதல் முறை. அதனை நான் செய்யவில்லை. பேரன் முன்னிருக்கையிலேயே அமர்ந்திருந்தான். நாங்கள் இருவரும் கடையில் பழம் தேர்ந்துகொண்டிருந்தபோது, “தாத்தா!” என்னும் அலறல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கார் பின்னோக்கி உருண்டுகொண்டிருந்தது. ஓடினேன், அறுபதைக் கடந்த கால்கள் எவ்வளவு ஓடும்? இருபது அடி தூரம் சென்றபின், பின்சக்கரம் ஒன்று சாலையோர வடிகாலில் இறங்க, கார் சாய்ந்து நின்றது. அவ்வடிகாலுக்கு அப்பால் பள்ளத்தாக்கு.

பேரனை வெளியே தூக்கினேன். நெற்றியில் சிறு வீக்கம், வேறு தீங்கில்லை. அவனை மார்போடு அணைத்திருக்கவேண்டிய அந்நொடியில் நான் செய்தது வேறு. “கைத்தடையை ஏன் இறக்கினாய்?” என்று உரக்கக் கேட்டேன். “நான் தொடவே இல்லை, தாத்தா” என்றான். முன்பொருநாள் வீட்டு வாயிலில் அவன் அதை இழுத்து விளையாடியது என் நினைவுக்கு வந்தது. “பொய் வேறு சொல்கிறாயா?” என்றேன். கடைக்கார அம்மையாரும், காரைத் தூக்கிவிட வந்திருந்த நால்வரும் அவனை நோக்கினர். அவன் அதன்பின் வாய் திறக்கவில்லை. மலையிறங்கும்வரை 70 வளைவுகளிலும் அவன் பேசவில்லை.

மாணவர்களே, கைத்தடை என்பது யாது எனச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். காரில் தடைகள் இருவகை. அவை ஒன்றையொன்று சாராது தனித்தனியே இயங்கவேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின் கட்டளை. எங்கள் கார் போன்றவற்றில், காலால் மிதிக்கும் தடை குழாய்களில் நிறைந்த எண்ணெயின் அழுத்தத்தால் நான்கு சக்கரங்களையும் பற்றும். கையால் இழுக்கும் தடைக்கு எண்ணெய் இல்லை, கம்பியே துணை. இருக்கைகளுக்கு நடுவிலுள்ள கோலை உயர்த்தினால், அடியிலுள்ள பல்வரிசையில் ஒரு கொண்டி பல் பல்லாக விழுந்து அதனைத் தாங்கிக்கொள்ளும். கோலோடு பிணைந்த கம்பிகள் வண்டியின் அடிப்புறமாகச் சென்று, பின்சக்கரங்களின் உருளைக்குள் இருக்கும் பிரேக் கட்டைகளை விரித்து இறுக்கும். வளைந்த உறைக்குள் முறுக்குக் கம்பி வழுக்கி ஓடும் இம்முறைக்கு எர்னஸ்ட் போடன் என்பார் 1896இல் காப்புரிமை பெற்றார். உங்கள் மிதிவண்டியின் தடைக் கம்பியும் இவ்வினத்ததே.

மறுநாள் நாமக்கல்லில் ஒரு பட்டறைக்குக் காரைக் கொண்டுசென்றேன். லாரிகளுக்குக் கூடு கட்டுவதில் பெயர்பெற்ற ஊர் அது. கைத்திறன் மிக்கோர் அங்கு மலிந்துள்ளனர். “என் பேரன் விளையாட்டாகக் கைத்தடையை இறக்கிவிட்டான், எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்” என்றேன். “கைத்தடையா? ஹேண்ட் பிரேக்கா ஐயா?” என்று முறுவலித்த தொழிலாளர், கோலைப் பிடித்து உயர்த்தினார். அது யாதொரு பளுவும் இன்றி உச்சிவரை ஏறிற்று. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

முன்சக்கரங்களுக்குச் செங்கல் அண்டை கொடுத்தார். பின்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரும்புத் தாங்கிகளையும் நிறுத்தினார். சக்கரத்தையும் உருளையையும் கழற்றி, கம்பியின் முனையை விடுவித்து, உறையோடு உருவி என் முன் நீட்டினார். உறையின் ரப்பர் மூடி கிழிந்திருந்தது. அதன் வழியே பல மழைக்காலத்து நீரும் சேறும் உட்புகுந்திருந்தன. கம்பியின் இழைகள் அறுந்து, பழந்துடைப்பத்தின் நுனிபோல் விரிந்து நின்றன. பெரும்பாலானவற்றின் முனை செந்துரு ஏறியிருந்தது. மூன்று நான்கு மட்டும் புதிதாய் அறுந்து பளபளத்தன.

“இந்த மூன்று நான்கு இழைதான் ஐயா கடைசியாக வண்டியைத் தாங்கியது. நீங்கள் இறங்கிப் போகும்வரை பொறுத்து, பிறகு அறுந்திருக்கிறது. இது இறக்கிவிட்டதால் ஓடிய வண்டி அன்று. ஏற்றியிருந்தும் ஓடிய வண்டி. கோல் சில மாதங்களாக மேலே மேலே ஏறி வந்திருக்குமே, கவனிக்கவில்லையா?”

கவனித்திருந்தேன். நான்கைந்து பல்லில் நின்ற கோல், எட்டுக்கும் பத்துக்கும் ஏறியதை என் கை அறியும். செலவைத் தள்ளிப்போட்டவன் நான். அதனினும் கொடியதொன்று அப்போது நினைவுக்கு வந்தது. வடிகாலிலிருந்து காரைத் தூக்கிவிட்டபின் ஓட்டுவதற்காக அமர்ந்தேன் அல்லவா? அப்போது கோல் உயர்ந்தே நின்றது. என் இடக்கைதான் அதனை இறக்கிற்று. பேரன் தொடவில்லை என்பதற்குரிய சான்றைக் கையால் தொட்டும் நான் காணவில்லை.

ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமும் மாற்றுவதே நன்று என்று தொழிலாளர் இரு கம்பிகளையும் புதிதாக மாட்டினார். கோலைப் பலமுறை இழுத்துத் தளர்த்திப் புதுக் கம்பியின் நெகிழ்ச்சியைப் போக்கித் திருகாணியை முடுக்கினார். கோலை இறக்கியபோது சக்கரங்கள் உராய்வின்றிச் சுழல்கின்றனவா என்றும் கையால் சுழற்றிப் பார்த்தார். கூலி நான் அஞ்சிய அளவில் பாதியும் இல்லை.

பழைய கம்பியைச் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பேரன் முன் வைத்தேன். “நீ சொன்னதே உண்மை. பொய் சொன்னவன் நான்” என்றேன். அவன் விரிந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். நெடுநேரம் கழித்து, “அந்தக் கடைக்காரப் பாட்டிக்கு இது தெரியாதே, தாத்தா?” என்றான்.

அடுத்த ஞாயிறன்று மீண்டும் மலையேறினோம். அதே சரிவு, அதே கடை. நான் கோலை இழுக்க, அவன் பல் விழும் ஓசையை எண்ணினான்: “ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.” கியரையும் போட்டேன். அவன் இறங்கி ஒரு கல்லைத் தேடிச் சக்கரத்தின் பின்னே வைத்தான். பழைய கம்பியை எடுத்துக்கொண்டு இருவரும் கடையை நோக்கி நடந்தோம்.